போர்க் கல்லுக்கு ஒரு விளக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து வழியில் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் போனில் குண்டுவீச்சு வீடியோ பார்த்துக் கைதட்டுகிறார். "ஒரே அடி, மொத்தமா காலி பண்ணணும் சார்!" கிரிக்கெட் ஸ்கோர் சொல்லும் அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இறங்கிவிடுகிறேன்.

புளியமரத்தடியில், வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கும் அம்மாள் ஒரு கல்லுக்கு விளக்கேற்றுகிறார். மஞ்சள் அப்பிய எழுத்துகளைத் தடவிப் பார்த்துப் படிக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊரிலிருந்து உலகப் போருக்குப் போய் உயிர்விட்டவர்களுக்கு நட்ட கல்.

"இது சாமியில்லம்மா, சண்டையில செத்தவங்க கல்லு!" அந்த ஆள்மேல் இருந்த எரிச்சல் இவர்மேல் பாய்கிறது.

"தெரியுங்க. எம்புள்ள மிலிட்ரில இருக்கான், பார்டர்ல. சண்டை வரும்னு பேசிக்கினு இருக்காங்க. போயி திரும்பாதவங்களுக்குத்தானங்க அந்தக் கஷ்டம் தெரியும்? எம்புள்ளயயாவது வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு இவங்கள வேண்டிக்கினு இருக்கேன்."

காற்றில் சுடர் ஆடுகிறது. இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொள்கிறார்.

ஏறி உட்கார்கிறேன், பேருந்து கிளம்புகிறது. பக்கத்து சீட்டுப் போனில் மறுபடியும் குண்டு வெடிக்கிறது. "இந்த வாட்டி உடவே கூடாது சார்!"

"உங்க பையன எப்ப பார்டருக்கு அனுப்புறீங்க?" முன் சீட்டுவரை கேட்கும்படி கத்துகிறேன்.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்குகிறார்.

"எம் பையனையா? அவன் எதுக்கு சார்?" என்கிறார், நிஜமாகவே புரியாமல்.