செல்லையாவின் வலது கை

போன வாரம் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். முன்பல் எப்படி உடைந்தது என்று கேட்டார். அவர் விரல் என் வாய்க்குள் இருந்ததால் தப்பித்தார். இல்லாவிட்டால் முழுக் கதையையும் கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் சொல்லலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய துபாய். அல் குசைஸில் ஒரு அலுமினியப் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பர். என் ரூமில் இருந்த செல்லையா, முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், பிரஸ் மெஷினில் வேலை பார்த்தான். வேலை வேகமாக ஓடவேண்டும் என்று ஃபோர்மேன் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். ஒருநாள் காலை அது செல்லையாவின் வலது கையை மணிக்கட்டோடு நறுக்கியது. அவன் கத்தவில்லை. தகட்டின்மேல் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே சரிந்தான். இன்றும் லேத்துப் பட்டறைகளைத் தாண்டும்போது எனக்கு எண்ணெய் வாசனையோடு ரத்த வாடையும் சேர்ந்தே வருகிறது.

குடித்துவிட்டு வந்து கையை விட்டான், நஷ்டஈடு கிடையாது என்றது கம்பெனி. செல்லையா வழக்குப் போட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நாங்கள் தங்கியிருந்த கம்பெனி கேம்பை மேய்க்கும் கேம்ப் பாஸ் ஆட்களோடு வந்து எங்கள் கதவை உடைத்தார். பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். நான் வீரன் இல்லை. ஓட வழியில்லாமல் குறுக்கே நின்றவன். என் வாயில் இரும்புக் குழாய் இறங்கியது. செல்லையாவைக் கீழே தள்ளி, கட்டுப்போட்ட கையின்மேலேயே மிதித்தார்கள். அப்போதுதான் அவன் கத்தினான். போகும்போது, அவன் பெட்டியில் கிடைத்ததென்று ஒரு சாராய பாட்டிலைத் தூக்கிக் காட்டினார் கேம்ப் பாஸ். அதை உள்ளே கொண்டுவந்தவரே அவர்தான்.

கீழ்க்கோர்ட் பாட்டிலை நம்பியது. அப்பீலில் நான் சாட்சி சொல்லப் போனேன். போனால் விசா கலாஸ், ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான் என்று கம்பெனியில் முன்பே சொல்லிவிட்டார்கள். நீதிபதி கம்பெனி வக்கீலிடம் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்.

“அந்த ரூமைச் சோதனை போட வாரண்ட் யார் கொடுத்தது?”

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அனுமதியில்லாமல் வீடு புகுந்து எடுத்த பொருள் சாட்சியம் ஆகாது, தடுப்பைக் கழற்றியவர்களே காயத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அந்த வாரமே என் விசாவும் கலாஸ்.

கோர்ட் வாசலில் செல்லையா தீர்ப்புத் தாளை இடது கையால் மடித்துப் பையில் வைத்தான். பிறகு கேட்டான்.

“அண்ணே, என் கைய எங்க போட்டாக?”

“தெரியலப்பா. ஒன்னய ஆஸ்பத்திரில சேத்துட்டுத் திரும்பி வந்தேன். தரையக் கழுவிட்டு மெஷின ஓட்டிக்கிட்டு இருந்தாங்க.”

போன வருஷம், இப்போது துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது அந்தத் தெருவைத் தேடினேன். பட்டறையும் இல்லை, கேம்பும் இல்லை. பட்டறை நின்ற இடத்தில் உயரமான குடியிருப்பு. கீழே குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஒரு பெண் ஆட்டிக்கொண்டிருந்தாள். அங்கே என்ன தேடுகிறேன் என்று மகன் ஆங்கிலத்தில் கேட்டான். வா, போகலாம் என்றேன்.