இரும்புலியூரில் இறங்கியவர்

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடியும் ஐந்து மணிச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. தேவராஜ் அண்ணன் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றபோதே சங்கு ஊதியது. என் வாயில் எச்சில் ஊறியது. சாவுச் செய்தி கேட்ட நேரத்தில் இப்படி ஊறுகிறதே என்று வெட்கமாக இருந்தது. அண்ணன் இருந்திருந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்.

மறைமலை நகரில் நம் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் தேவராஜ் அண்ணனைத் தெரியாதவர் யாரும் இல்லை. இரும்புலியூரில் நிலபுலன் இருந்த குடும்பம். கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஆனாலும் தினம் என்னையும் அங்கேயே இறக்கி, தண்டவாளத்தைத் தாண்டி சேலையூரில் என் வீடு வரை நடந்து வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போவார். பஸ்ஸில் கூட வரும் நீங்களெல்லாம் எங்களைப் புதுமண ஜோடி என்று கிண்டல் செய்வீர்கள். இரண்டு பேரும் சிரித்து மழுப்பிவிடுவோம். அவர் போய்விட்டார், இனி மறைத்து என்ன. நான் குடிகாரனாக இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரம் ஸ்டாப்பில் இறங்கினால் எதிரே பிராந்திக் கடை, அதன் வாசலில் மிளகு தூவி ஆம்லெட் போடும் தள்ளுவண்டி. சங்கு, பஸ், ஆம்லெட் வாசனை, கிளாஸ் என்று என் நாள் முடியும். என் மனைவி வசந்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொழிச்சலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் தொடாமல் இருந்தால் சொல்லி அனுப்பு, வருகிறேன் என்றாள். சத்தியம் செய்தேன். மூன்று நாள் தாங்கவில்லை.

அண்ணன் அறிவுரை சொல்கிற ஆள் இல்லை. ஒரு வாரம் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் எனக்குக் குடி நினைப்பே வராததையும், சங்கு ஊதியதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதையும் கவனித்திருக்கிறார். ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: “உனுக்கு தாகம் இல்லடா. அந்த சத்தம்தான் உன்ன இஸ்துகினு போவுது. கடை அப்பால வருது. நீ இங்கியே குடிக்க ஆரம்பிச்சிட்ற.”

மறுநாள் சங்கு ஊதியதும் டிபன் டப்பாவிலிருந்து உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டாப்பான இரும்புலியூர் வந்ததும் சட்டையைப் பிடித்து இறக்கினார். அன்றிலிருந்து தினமும் சங்கு ஊதியதும் வாயில் நெல்லிக்காய். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு அந்த நடை. எனக்கு அவர் மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். அவருக்கோ முழங்கால் வலி. வழியில் நின்று நின்றுதான் நடப்பார். பேச்செல்லாம் ஃபியூஸைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும்தான்.

பதினோரு மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் அவரே, இனிமேல் பயமில்லை, நேராகவே போகலாம் என்றார். பழுதான ஒயரை மாற்றியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார் போல. தாம்பரத்தில் இறங்கினோம். ஆம்லெட் வாசனை வந்தது. போகலாமா வேண்டாமா என்று நான் யோசித்ததாகவே ஞாபகம் இல்லை. கால் திரும்பிவிட்டது. நான் கடைக்குள் நின்றேன்.

வெளியே வந்தபோது அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “தப்பு என்துடா. நீ மறந்துட்டேன்னு நெனச்சிட்டேன். மறக்கல, அந்த நெனப்பு தூங்கிக்கினு கீது. நான்தான் தட்டி எழுப்பிட்டேன்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூருக்குப் போய் வசந்தாவிடமும் தன் தப்பென்றே சொல்லி, இன்னும் ஒரு வருஷம் கேட்டிருக்கிறார். உங்களுக்கு அலுப்பாக இல்லையா அண்ணா என்று அவள் கேட்டாளாம். “அலுப்பாத்தான் கீதும்மா. அதுக்கோசரம் வுட்டுற முடியுமா?” என்றாராம்.

மறுபடி முதலிலிருந்து. அந்த வருஷம் முடிந்து வசந்தா வந்தாள். அதற்குப் பிறகும் அவர் நடையை நிறுத்தவில்லை. இன்னொரு தரம் பரீட்சை வைக்க அவருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் வழக்கம்போல உங்களில் சிலர் கடைப் பக்கம் போனீர்கள். உடம்பு அசதிக்கு இன்னிக்கு ஒரு நாள் வா மச்சான் என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வசந்தா எனக்காகத் தெருமுனையில் காத்திருந்தாள். அதனால் தப்பித்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது மறுநாள்தான். சங்கு ஊதியது. கையில் நெல்லிக்காய் வைக்க ஆளில்லை. அழுது அழுது உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தது. இனி யாருக்காக அவ்வளவு தூரம் நடப்பது, தாம்பரத்தில் இறங்கி சேலையூருக்கு வேறு பஸ் பிடித்துவிடலாம் என்று தீர்மானித்தேன். அந்தக் கடை வாசலில்தான் நிற்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கண்ணை மூடிச் சாய்ந்தேன்.

இரும்புலியூரில் பஸ் வேகம் குறைந்தது. கண்ணைத் திறந்தபோது நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. இறங்கி, அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று அழுதுவிட்டுத் தனியாகவே நடந்தேன்.

அவருடைய டெஸ்டரையோ ஸ்க்ரூ டிரைவரையோ உங்களில் யாராவது ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது, இரும்புலியூர் வந்தால் என்னைக் கேட்காமலே எழுந்துகொள்ளும் இந்த இரண்டு கால்கள்.