சத்தமில்லாத கவுபாய்

என் இதயத்தின் நிலைமையைப் பார்த்துத்தான் அந்த மனிதர் அழுகிறார் என்று நம்பினேன். அரூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு ஈசிஜி எடுத்தவர் அவர். காதோரம் நரை, சட்டைப்பையில் பஞ்சு. தாளை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து, என் கட்டிலருகே உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். என் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்தப் போட்டோ நன்றாயிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க சார்."

"அட, படம் பாக்கறேனுங்க," என்று போனைத் திருப்பினார். பழைய கவுபாய் படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். தமிழில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம்தான், ஆனால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்.

"குரலு நம்மூரு ஆளு குடுத்ததுங்க. மூஞ்சிதான் அந்த நடிகனோடது. பழைய படத்துல இந்தக் கெழவன் குண்டு பட்டதும் ஊரே கேக்கறாப்புல கத்துவான். இவனப் பாருங்க, கூட இருக்கற பொண்ணு பயந்துருமேன்னு மூஞ்சியே மாத்தல."

நானும் பார்த்தேன். பயம் மறந்துபோய்ப் படத்திலேயே இருந்தேன். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"சேலம் வரைக்கும் போயிட்டு வந்துரலாங்க," என்று கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். படத்துக்கு அழுதவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எனக்கு வந்திருந்தது மாரடைப்பு. மெஷினிலிருந்து ஈசிஜி தாளைக் கிழித்தபோதே அது அவருக்குத் தெரியும்.