மழைக்கும் மூடாத கார்

சித்தப்பாவின் காருக்குத் துணிக்கூரை. அதை ஹூட் என்று சொல்ல வேண்டும். குடை என்று சொன்னவர்களை அவர் இரண்டாம் முறை காரில் ஏற்றியதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் மாடிக் கட்டடம் இருந்தது. யன்னல் கம்பியையே கடற்காற்று அரித்துத் தின்கிற இடத்தில், இரும்புச் சட்டமும் கன்வஸ் துணியுமாக ஒரு காரை வைத்திருப்பவன் ஒன்றில் பணக்காரன், இல்லாவிட்டால் விசரன் என்பது அம்மாவின் தீர்ப்பு. சித்தப்பா பணக்காரர் இல்லை.

அந்த ஹூட்டை மடிப்பதற்கு ஒரு முறை உண்டு. முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள இரண்டு கொளுக்கிகளையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைத் தேடினால் சட்டம் கோணும். பிறகு இரு பக்கமும் ஆள் நின்று, துணி கம்பிகளுக்கிடையில் கடிபடாமல் வெளியே இழுத்து இழுத்துப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பின்யன்னலில் கீறல் விழாதபடி அம்மாவின் பழைய வொயில் சேலைத் துண்டை இடையில் வைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு பாய்ச்சுருள் அளவுக்கு ஒடுங்கினால்தான் மேலுறையின் பொத்தான்கள் பூட்டுப்படும். மூட்டுகளுக்குத் தையல் மெசின் எண்ணெய், ரப்பர் விளிம்புகளுக்குக் குழந்தைப் பவுடர். கழுவுவது வெறும் தண்ணீரில். சவர்க்காரத் தூள் பட்டால் துணி பிறகு மழையைத் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலே மூன்று கட்டளைகள்: ஈரத்தில் மடிக்காதே, அவசரத்தில் மடிக்காதே, தனியே மடிக்காதே. மூன்றாவது கட்டளையின் புண்ணியத்தில், பன்னிரண்டு வயதிலேயே நான் அந்தக் காரின் இடப்பக்கத்துக்குப் பொறுப்பாளியாகிவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். லொட்ஜில் புதிதாக ஒரு இளைஞன் வந்து இறங்கினால், பொலிஸ் சந்தேகிக்கும் முன்பே நாங்கள் சந்தேகித்து முடித்திருப்போம். அடிக்கடி லொட்ஜுகளைச் சுற்றி வளைத்து, வடக்கிலிருந்து வந்த பெடியன்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலர் மறுநாள் திரும்பி வருவார்கள். வேறு சிலரைத் தேடித் தாய்மார் வருவார்கள். இந்த நோய் எனக்கும் தொற்றியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கும் பெரியவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

சோதனைச் சாவடிகள் பெருகிய பிறகு சித்தப்பா ஒரு தத்துவம் கண்டுபிடித்திருந்தார். மூடிய காரை நிறுத்திப் பார்ப்பார்கள். திறந்த காரைப் பார்த்தபடியே போக விடுவார்கள். அதிலும் கலியாணக் காரென்றால் சிரித்துக்கொண்டே விடுவார்கள். அவருடைய கார் பல மாப்பிள்ளை பொம்பிளைகளைத் திறந்தபடி சுமந்து போயிருந்ததால், இது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

ஒரு நாள் காலையில் நான் எழும்பி வெளியே வந்தபோது ஹூட் மடிக்கப்பட்டிருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. இடப்பக்கம் பிள்ளைத்தாச்சி வயிறு போல வீங்கியிருந்தது. மேலுறையின் கடைசிப் பொத்தான்கள் பூட்டுப்படாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சித்தப்பா பொனற்றில் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் மடிச்சது?"

"நான்தான்."

"தனியவோ?"

"ஓம்."

"சேலைத் துண்டு வைச்சனீங்களோ? ஏன் இப்பிடிப் பொம்மிக்கொண்டு நிக்குது?"

"பிள்ளை, போய் முகத்தைக் கழுவு. இண்டைக்குக் கலியாணக் கார். நீதான் தோழி."

யாருடைய கலியாணம் என்று கேட்டேன். மேல்வீட்டு அக்காவுடையது என்றார். மேல்வீட்டு அக்கா தன் வயதான தகப்பனோடு எங்களுக்கு மேலே இருந்தார்; பகலெல்லாம் பிள்ளைகளுக்கு டைப்பிங் பழக்குவார். முதல் நாள் மாலை வரை அந்தத் தட்டச்சுச் சத்தம் என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தாலி கட்டியது எப்போது என்று கேட்டதற்கு, விடியற்புறத்து முகூர்த்தம், கோயிலில் சுருக்கமாக முடிந்தது என்று பதில் வந்தது. கலியாணம் நடந்த வீடென்றால் கிடாரம் கழுவும் சத்தமாவது கேட்க வேண்டும். பலகார வாசம் கூட இல்லை. நான் நம்பவில்லை.

அம்மா எனக்குத் தலை பின்னினார். பின்னி முடித்ததைக் குலைத்துவிட்டு மறுபடி பின்னினார். அதையும் குலைத்தார். பின்னல் நேராக வரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அக்கா கூறைச்சேலையோடும் இடுப்பளவு நீண்ட ரோசாப்பூ மாலையோடும் இறங்கி வந்தார். மாப்பிள்ளை பட்டுவேட்டி, தலைப்பாகையோடு பின்பக்கத்துக் கேற்றால் வந்தார். அவரை நான் முன்பு ஒருமுறை லொட்ஜ் வாசலில் கண்டிருந்தேன். அக்காவைவிட இளையவர் போலிருந்தார். அதை மறைக்கத்தானோ என்னவோ, மீசையைக் கறுப்புப் பென்சிலால் தடிப்பாக்கியிருந்தார்கள். அக்கா அவரைப் பார்த்து, "ஒழுங்கா நிமிர்ந்து இரு" என்றார். தாலி கட்டிய அன்றே மாப்பிள்ளையை ஒருமையில் அதட்டும் பொம்பிளையை நான் எங்கள் சொந்தத்தில் கண்டதில்லை. முன்சீற்றில் ஏறியதும் திரும்பி, மாலைக்குள்ளே கழுத்தைத் தேடினேன். தாலி இல்லை.

கார் புறப்படும் முன் அக்கா சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, ஹூட்டைப் போட்டுக்கொண்டு போகேலாதே?"

"மூடினா நிப்பாட்டுவாங்கள், தங்கச்சி."

ஒழுங்கை முழுவதும் பல்கனிகளில் வந்து நின்றது. சந்திக் கடை முதலாளி சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். காலி வீதியில் ஏறும் இடத்தில் அக்கா அதையே இன்னொரு முறை கேட்டார். சித்தப்பா கேளாதவர் மாதிரி கியரை மாற்றினார்.

கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீடு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். காலி முகத்திடலுக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு சோதனைச் சாவடியில் வரிசை நின்றது. எங்கள் முறை வரவும் கடல் பக்கமிருந்து மழை வந்தது. தூறல் அல்ல, கொட்டியது. சித்தப்பாவின் தத்துவத்தில் மழைக்கு இடம் வைக்கப்பட்டிருக்கவில்லை. திறந்த கார் வெயிலில் நல்ல பிள்ளை. பொம்பிளையோடு மழையில் நனைந்துகொண்டு நிற்கும் திறந்த காரைப் போலச் சந்தேகத்துக்கிடமான பொருள் வேறில்லை.

நான் என் கடமையைச் செய்தேன். "சித்தப்பா, ஹூட்டைப் போடுவம். இடப்பக்கம் நான் பிடிக்கிறன்."

அவர் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமலே என் தொடையைக் கிள்ளினார். அவர் என்னைக் கிள்ளியது அதுவே முதல் முறை.

காவலுக்கு நின்ற சிப்பாய்க்கும் அந்த மாப்பிள்ளையின் வயதுதான் இருக்கும். டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். உள்ளே வாழைக்குலையும் ஒரு பலகாரப் பெட்டியும் இருந்தன. பிறகு பின்னால் வந்து, "மனமாலி தெமெனவா நே" என்றான். பொம்பிளை நனைகிறாளே என்று அவனுக்கு இரக்கம். ஹூட்டைப் போடுங்கள், நானும் பிடிக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே, பூட்டாமல் கிடந்த பொத்தானுக்குக் கையைக் கொண்டு போனான். இடப்பக்கப் பொத்தான். என் பொத்தான்.

மாப்பிள்ளையின் மீசை கரைந்து வாயோரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா சிரித்தார். சேலைத் தலைப்பால் மாப்பிள்ளையின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, சிப்பாயை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு நல்ல சிங்களத்தில் பேசினார். வேண்டாம் மல்லி, இந்த மழை என் பிழை. பச்சை அரிசி தின்கிற பெட்டைக்குக் கலியாணத்தன்று மழை பெய்யும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் பானை பானையாய்த் தின்றிருக்கிறேன். நனைந்தே போகிறேன், மூடினால் மாமியார் என்னைக் கள்ளி என்பார். சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான். மற்றவனைக் கூப்பிட்டு அரிசிக் கதையைச் சொன்னான். அவன் மாப்பிள்ளையைப் பார்த்து, இனி அரிசி அலுமாரியைப் பூட்டி வை என்றான். கை காட்டினார்கள். நாங்கள் போனோம்.

கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீடு இருக்கவில்லை. கோயிலுக்குப் பின்புறம் ஒரு கராஜும், அதற்குள் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு வானும் நின்றன. சித்தப்பா மேலுறையைக் கழற்ற, மடித்த ஹூட்டின் வயிற்றிலிருந்து ஒரு நீலப் பயணப்பை வெளியே வந்தது. என் சந்தேகம் சரியென்று தெரிந்ததில் எனக்கு அளவில்லாத திருப்தி. மாப்பிள்ளை காற்சட்டைக்கு மாறி வந்தார். அக்கா அவர் தலையை ஒரு கணம் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமல் இருக்காதே என்று மட்டும் சொன்னார். வான் கட்டுநாயக்கா விமான நிலைய ரோட்டுப் பக்கம் திரும்பியது.

திரும்பி வரும்போது ஹூட்டைப் போட்டோம். இடப்பக்கம் நான் பிடித்தேன். அக்கா கைத்தறிச் சேலைக்கு மாறி, பின்சீற்றில் மூலையோடு ஒதுங்கி இருந்தார். வீடு வரும் வரை நான் மட்டும், மூன்று கட்டளையில் இரண்டை மீறிவிட்டீர்கள் என்று சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மிச்சமிருந்த ஒன்றையும் அவர் அன்று மாலையே மீறினார். நனைந்த ஹூட்டை அப்படியே சுருட்டி வைத்தார். அது பூஞ்சணம் பிடித்துக் கறுத்தது. அதன் பிறகு அந்தக் கார் எந்தக் கலியாணத்துக்கும் போகவில்லை.

வேலைக்குப் போன காலத்தில், விபத்துக் கோரிக்கைகளில் எங்கே பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக ஒரு காப்புறுதிக் கம்பெனி எனக்கு முப்பது வருடம் சம்பளம் தந்தது. அதற்குள் எப்போதோ அம்மா வாய் தவறிச் சொன்னார்: அந்தப் பெடியன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. கட்டுநாயக்காவால் போய், ஒரு குளிர் நாட்டில் இறங்கிப் பிழைத்துக்கொண்டான்.

ஆனால் ஒழுங்கைக்குத் தெரிந்தது வேறு. மேல்வீட்டுப் பெட்டை மாலையும் கழுத்துமாக ஒருத்தனோடு போனாள், மத்தியானம் தனியே வந்து இறங்கினாள். கட்டினவன் கைவிட்டுவிட்டான் என்று சிலர். கட்டவே இல்லை என்று சிலர். தம்பி என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி அவன் எங்கே என்பது, அதற்கடுத்தது கார் யாருடையது என்பது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் கேட்டு வந்த சம்பந்தங்கள் சந்திக் கடை வரை வந்து, முதலாளியிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. தட்டச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. என் கலியாணத்துக்கு வந்திருந்தார். ஆலாத்தி எடுக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. அன்று மழையும் பெய்யவில்லை.

அந்தக் காலையில் நான் சித்தப்பாவைச் சந்தேகித்தேன். மாப்பிள்ளையின் மீசையை, அக்காவின் கழுத்தை, ஹூட்டின் இடப்பக்கத்தை, எல்லாவற்றையும் சந்தேகித்தேன். ஹூட்டைப் போட்டுக்கொண்டு போக முடியாதா என்று அக்கா இரண்டு முறை கேட்டதை மட்டும் சந்தேகிக்கவில்லை. தலைமயிர் கலைந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.