நான் குங்குமம் வைத்த வேப்பமரம்

பங்குனி மாதத்தை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வசந்தமாம்! தாமல் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாரம் துடைப்பம் பிடித்துப் பார்க்கட்டும். விடியலில் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கி, சருகெல்லாம் தரையோடு ஒட்டிக்கிடக்கும். காய்வதற்குப் பத்து மணி ஆகும். கூட்டிக் குவித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எங்கிருந்தோ ஒரு சுழல்காற்று வந்து குவியலை அள்ளி மறுபடியும் வாசலெங்கும் விசிறிவிட்டுப் போகும். வேப்பமரம் இலை உதிர்த்து முடித்த கையோடு பூ உதிர்க்க ஆரம்பிக்கும். அதற்கும் நான்தான் ஆள்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை ஒன்றில் விற்பனையாளன் நான். பங்குனி, சித்திரையில் கல்யாணப் புடவைக் கூட்டம் நெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. அந்த ஒருநாளும் இந்த வீட்டைச் சுற்றியுள்ள புல்லோடும் முள்ளோடும் போய்விடும். அப்பா இங்கே தனியாக இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். டவுனுக்கு வாருங்கள் என்றால் காது கேட்காதவர்போல் மாட்டைப் பார்ப்பார். மாட்டை விற்று இரண்டு வருஷமாகிறது. இப்போது காலிக் கொட்டகையைப் பார்ப்பார்.

இந்த வேப்பமரம் வேலியோரத்தில், சாலையை ஒட்டி நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அதன் அடிதான் ஒதுங்கும் இடம். பிரியாணி பொட்டலம், உடைந்த பாட்டில், போதாததற்கு ஆண்கள் வரிசையாக நின்று செய்கிற காரியம். வாரம் முழுக்க அவர்கள் போடுவதை நான் செவ்வாய்தோறும் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளினேன். திட்டிப் பார்த்தேன். தகரப் பலகையில் எழுதி மாட்டினேன். பலகையின் மேலேயே போனார்கள்.

போன வருஷம் மாசியில், பொறுமை போய், ஒரு செங்கல்லை மரத்தடியில் நட்டு மஞ்சள் பூசினேன். சமையலறையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து பொட்டு வைத்தேன். மரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி. அப்பா பக்கத்தில் பல்குச்சியை மென்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அடுத்த செவ்வாய் வந்தபோது அடிமரம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அப்படியொரு முட்டாள் நான்.

ஆடிக்குள் யாரோ ஒரு சூலம் நட்டிருந்தார்கள். அப்புறம் கிளையில் வளையல்கள் தொங்கின. வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழ விளக்கு. பிரியாணி பொட்டலம் அள்ளிய கையால் இப்போது தேங்காய் ஓட்டையும் எண்ணெய் ஊறிய எலுமிச்சைத் தோலையும் அள்ளுகிறேன். வேலை குறையவில்லை, வாசனை மட்டும் மாறியது.

அதையும் சகித்திருப்பேன். ஐப்பசி மழைக்காற்றில் அந்த மரத்தின் பெரிய கிளை ஒன்று கவட்டையில் பிளந்துவிட்டது. என் இடுப்புப் பருமன் இருக்கும். அது நேராக நாட்டு ஓட்டுக் கூரையின் மேல் நீண்டிருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழேதான் அப்பா படுக்கிற அறை. சித்திரையில் கோடை மழை ஒரு பலத்த காற்றோடு வந்தால் போதும். இந்தப் பங்குனி முழுக்க, கடையில் புடவையை விரித்துக் காட்டும்போதுகூட எனக்கு அந்தப் பிளவுதான் கண்ணில் நின்றது.

நான்கு வாரம் அலைந்து ஒரு மரம் வெட்டுபவரைக் கூட்டிவந்தேன். கயிறும் ரம்பமுமாக வந்தவர், மரத்தடியில் நின்று ஒருமுறை மேலே பார்த்தார், ஒருமுறை கீழே பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

“இன்னா சார் இது, அம்மன் குந்திக்கினு கீது? சொல்லவேயில்லியே நீங்க.”

“அட, நான் வெச்சதுபா அது. அசிங்கம் பண்ணாம இருக்கறதுக்காக வெச்சேன்.”

“யாரு வெச்சா இன்னா சார், வெச்சாச்சு இல்ல. அதுவும் செவ்வாக்கெழம. நான் புள்ளகுட்டிக்காரன்.”

கன்னத்தில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொட்டகையிலிருந்து அப்பாவின் பழைய ரம்பத்தை எடுத்தேன். ஏணியைச் சாத்தினேன். இதை ஆரம்பித்தவன் நான், முடிக்கிறவனும் நானாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் அப்பா வெளியே வந்தார்.

“ஏறாதடா.”

“நைனா, அது உன் தலைமேல விழப்போவுது. தெரியுதா?”

“வுழாது. அவ பாத்துப்பா.”

“எவ? நான் குங்குமம் வெச்சப்போ நீ பக்கத்துல நின்னுக்கினு பல்லு வெளக்கினியே!”

“நீ வெச்சது குங்குமம். வந்து குந்தினது அவ.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டு துளியும் இல்லை. “ஒங்கம்மா போனப்புறம் இந்த வாசல்ல மனுஷ மொகமே இல்ல. இப்போ வாரா வாரம் நாலு பேரு வந்து, இன்னா தாத்தா சாப்ட்டியான்னு கேட்டுட்டுப் போறாங்க. அத வெட்டப் போறியா நீ?”

“மரத்த வெட்டலப்பா. ஒரு கெளைதான்.”

“வெட்டிக்கோ. நான் உள்ள போயி படுத்துக்கறேன்.”

சொன்னபடியே செய்தார். அந்த அறைக்குள் போய், அந்தக் கூரைக்குக் கீழே, கட்டிலில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். நான் வெட்டினால் கிளை அவர்மேல் விழும். வெட்டாவிட்டால் என்றைக்காவது தானே விழும். கெஞ்சினேன், கத்தினேன். ஜன்னல் வழியாக அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அசையவில்லை. அழுகை வந்தது எனக்கு, ஆத்திரத்தில்தான்.

ஏணியின் இரண்டாம் படியிலேயே நின்றிருந்தபோது அந்தப் பாழாய்ப்போன சுழல்காற்று கிளம்பியது. காலையில் நான் குவித்ததெல்லாம் பறந்து முகத்தில் அடித்தது. தலைக்குமேல் கிளை முறுக்கிக்கொண்டு ‘கிர்ர்’ என்றது. ஓட்டின்மேல் சுள்ளிகள் விழுந்தன.

நான் ரம்பத்தைக் கீழே போட்டேன். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நான் நட்ட செங்கல்லின் முன்னால் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“தாயே, எங்க நைனாமேல மட்டும் விழுந்துடாத.”