ஞாயிற்றுக்கிழமைப் பாண்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யாவுக்கு அந்த இரண்டு வாரமும் பெருமை பிடிபடவில்லை. மனைவி ரத்தினம்மா இரத்தம் வற்றி, எழுந்து நிற்க மாட்டாமல் கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதிலே என்ன பெருமை என்று கேட்காதீர்கள். அங்கே கொடுக்கிற பாண் ரொட்டியைப் பற்றித்தான்.

"தின்னு முடியாம மிச்சம் வைக்கிறாப்பா, அம்புட்டுக் குடுக்கிறாங்க" என்று லயத்து வரிசை வீடுகளில் கண்டவரிடமெல்லாம் சொன்னான்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்த துண்டுகளில் இரண்டை அங்கேயே தின்பான். மீதியைத் தோள்துண்டில் முடிந்து பிள்ளைகளுக்குக் கொண்டு போவான். லயத்தில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மலையே கதியென்று கிடந்தவன். ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்கு எவ்வளவு பாண் கொடுப்பார்கள் என்று பாவி மனுஷனுக்கு யார் சொன்னார்கள்?

மூன்றாவது ஞாயிறும் விடியுமுன் நடக்கத் தொடங்கி, கண்டி வந்து, நோயாளிகளைப் பார்க்க விடுகிற நாலு மணி மணியடித்ததும் உள்ளே போனான். பக்கத்துக் கட்டிலில் தன் உம்மாவைப் பார்க்கத் தினமும் வருகிற ஸுலைஹா என்ற டவுன்காரப் பெண் அவனை வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணன், ஒங்கட பொஞ்சாதி ஒண்டும் சரியாத் தின்றல்ல. பாணெல்லாம் தலகாணிக்கிக் கீழ போகுது. நர்ஸம்மா வந்தா திண்ட மாதிரி தலய ஆட்டுறா. எனக்கும் இண்டக்கித்தான் வெளங்கிச்சு."

வீரய்யாவுக்குப் போன வாரம் தின்ற பாண் இன்னும் உள்ளே கிடப்பது போலிருந்தது. கட்டிலண்டை போய்ப் பார்த்தான். அவள் இன்னும் வெளுத்திருந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வழக்கம்போலத் தலையணைக்கடியில் கை விட்டாள்.

"ஏன் புள்ள திங்கல?"

"நீங்க சாப்பிட்டீங்களோ இல்லையோன்னு தெரியாம எப்பிடி எறங்கும்?"

கல்யாணம் முடிந்து பதினோரு வருஷம். அவன் தின்று கை கழுவின பிறகு, அவன் தட்டிலேயே சோறு போட்டுத் தின்று பழகினவள். அதைப் பெரிய பத்தினித்தனமென்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரிக்கும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீரய்யா ஒரு துண்டைப் பிட்டுத் தன் வாயில் போட்டான். அடுத்ததை அவளிடம் நீட்டினான். தின்றாள். அவன் ஒன்று, அவள் ஒன்று. இரண்டு துண்டுப் பாண் உள்ளே போவதற்குள் ஐந்து மணி மணியடித்துவிட்டது.

"இனிச் சோறு வருமாம். அது வரைக்கும் இருந்துட்டுப் போறேங்கய்யா" என்று காவலாளியைக் கும்பிட்டான். கேட்டைக் காட்டினான் காவலாளி. நோயாளி சாப்பிடுகிற நேரத்தில் சொந்தக்காரர் நிற்கக் கூடாதென்று சட்டம் போட்ட புண்ணியவான் எவனோ, அவன் ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து தின்றிருக்க மாட்டான்.

ஸுலைஹா படியிறங்கும்போது அவளிடம் கெஞ்சினான். "தாயி, நான் சாப்பிட்டேன்னு தெனமும் ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லுங்க."

"சொல்றது பெரிய காரியமில்ல அண்ணன். காணாம நம்புவாவா?"

ரத்தினம்மாவின் கட்டில் ஜன்னலோரம். வீரய்யா வேலியைச் சுற்றிப் போய், அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றான். வழிக்கென்று கட்டி வந்த ரொட்டியை அவிழ்த்து, கையை உயர்த்திக் காட்டிக் காட்டித் தின்றான். பாதையில் போனவர்கள் பைத்தியமென்று பார்த்தார்கள். பார்க்கட்டும். உள்ளே சோற்றுக் கோப்பை வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், குனிந்தாள், ஒரு வாய் தின்றாள். பிறகு இன்னொரு வாய். கோப்பை காலியாகும் வரை அவன் மென்றுகொண்டே நின்றான். ரொட்டி தீர்ந்தபின் வெறும் வாயை மென்றான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கொடுத்தபோது, ஆஸ்பத்திரிப் பக்கம் போய் நிற்க ஒரு வாரம் லீவு கேட்டான்.

"ஞாயித்துக்கெழம ஒனக்கு இருக்கில்ல? போ, கத்திய எடு" என்றார் கங்காணி.

பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் மற்றவர்கள் நிழல் தேடிப் போனார்கள். வீரய்யா கண்டி இருக்கும் திசையைப் பார்த்து, மலைச்சரிவில் வெயிலில் உட்கார்ந்தான். இடையில் எத்தனையோ மலை. ஒவ்வொரு கவளத்தையும் உயரத் தூக்கிக் காட்டி வாயில் போட்டான். அழுகை வந்தது. ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தான்.

அன்று திங்கட்கிழமைதான்.