பளபளத்த கோப்பையில் ஒளிந்திருந்த பால்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இலங்கை மலையகத்தில் றொசல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலையில் பால்மா கரைத்து அலுமினியக் கோப்பைகளில் கொடுப்போம். ஒரே ஒரு பெண் குழந்தைக்கு மட்டும் பால் ஆகாது. முன்பு ஒருமுறை பால்மா குடித்து உடம்பெல்லாம் தடித்துப்போனதாம். அதனால் அவளுக்கு எப்போதும் பால் சேர்க்காத வெறும் தேத்தண்ணிதான்.

அந்த வாரம் யாரோ பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று புதுக் கோப்பைகள் வந்திருந்தன. வழக்கம்போல் சாம்பல் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், தண்ணீரில் மட்டும் கழுவு என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. எனக்கென்ன, ஒரு வேலை மிச்சம். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தன. முந்தின நாள் மற்றப் பிள்ளைகள் அவற்றில்தான் பால் குடித்தார்கள்.

அப்படி ஒரு கோப்பையில்தான் அவளுக்குச் சூடாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, மூச்சு இழுத்தது.  எப்படியோ அள்ளிக்கொண்டு பக்கத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கும் ஐயா உடனே ஊசி போட்டார்.

தாய் மலையிலிருந்து கூடையைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள்.

"பாலத்தானே குடுத்தீங்க அக்கா? என் புள்ளய கொல்லப் பாத்தீங்களே!"

"சத்தியமா இல்லடி" என்றேன். சுற்றி நின்ற ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. அதைவிடக் கொடுமை, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோப்பை மாறிப்போச்சோ? நான்தான் பாலை ஊற்றினேனோ? 

குழந்தையின் மூச்சு சீரானதும் ஐயா அந்தக் கோப்பையை எடுத்துவரச் சொன்னார். முதலில் வெறுந்தண்ணீரில் நன்றாகக் கழுவி, பிறகு சுடுநீரில் சாம்பலைக் கரைத்து ஊற்றி, துணியால் தேய்த்து, அந்தத் தண்ணீரோடு கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரும்மா."

லேசாகப் பால் வாடை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அலுமினியத்து மேல கண்ணுக்குத் தெரியாம மெல்லிசா ஒரு துரு படிஞ்சிருக்கும். அதுக்கும் பால்ல இருக்கிற புரதத்துக்கும் எதிரெதிர் மின்சாரம். தலை சீவுன சீப்புல கடதாசி ஒட்டுதுல்ல, அந்த மாதிரி இழுத்துப் புடிச்சுக்கும். வெறுந்தண்ணிக்கு விடாது. சாம்பல் காரம் பட்டா ரெண்டும் ஒன்ன ஒன்னு தள்ளிவிடும். காலையில தேத்தண்ணி சூட்டுல கொஞ்சம் கழண்டிருக்கும். இந்தப் புள்ளைக்கு அதுவே போதும்."

தாய் அந்தக் கோப்பையை வாங்கித் தானும் மோந்து பார்த்தாள். மறுநாள் காலையில் குழந்தையை என் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு தேங்காய்ச் சிரட்டை.

"இதுல குடுங்க அக்கா. வேற யாரையும் நான் நம்பல."

அதை வாங்கும்போது அழுதுவிட்டேன். அன்றைக்கு டிஸ்பென்சரி ஐயா அந்தக் கோப்பையைக் கேட்டு வாங்கியிராவிட்டால், அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தது நான்தான் என்று சாகும்வரை நானே நம்பியிருப்பேன்.